ஓரக் கிண்ணம்

மைக் இல்லாமல் பேசும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று, ஐயா. எதிரே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை. நடுவில் நான் எழுந்து நின்று குரலை உயர்த்தினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், உட்கார்ந்துவிடுவேன். காப்பியைக் குடியுங்கள், ஆறிப்போகும்.

நீங்கள் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தது எதற்கென்று தெரியும். கோச்சடை மெதடிஸ்ட் சபையில் ஒன்றரை வருஷமாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கவில்லை, திருவிருந்தே நடக்கவில்லை, போதகர் ஞானாபரணம் ஏதேதோ சாக்குச் சொல்கிறார் என்று நம் சபையார் கண்காணிப்பாளரான உங்களுக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள். சாக்குச் சொன்னது வாஸ்தவம்தான். முதலில் நல்ல திராட்சை கிடைக்கவில்லை என்றேன். அப்புறம் கிண்ணத் தட்டு விரிசல் விட்டுவிட்டது என்றேன். கடைசியாக எனக்கு முழங்கால் வலி என்றேன். திருவிருந்தில் முழங்காலிடுகிறவர்கள் அவர்கள், நான் நிற்கிறவன். அதைக்கூட ஒருத்தரும் யோசிக்கவில்லை. பதினைந்து வருஷமாக நான் சொன்னதையெல்லாம் நம்பிப் பழகிவிட்டார்கள், பாவம்.

நிஜக் காரணத்தைச் சொல்கிறேன். சுற்றிவளைத்துத்தான் வரும். நான் பிரசங்கி, நேரே வரத் தெரியாது.

எழுபத்தொன்றாம் வருஷம் எனக்கு நாற்பது வயது. சபையில் பதினேழு குடும்பம். நான் பிரசங்கத்தை ஆரம்பித்தால் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மீதிப் பேரிடம் கடிகாரம் கிடையாது, அவர்கள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். அந்த வருஷம்தான் சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. அது நிஜமான ஆத்திரம்தான், அதை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள். மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடாப் பெட்டி மேல் ஏறி நின்று சாராயத்தைத் திட்டினேன். முந்நூறு பேர் நின்று கேட்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நின்றார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசுனா சோறு தண்ணி வேணாம்யா, கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார். அவர் வாயில் சாராய வாடை குப்பென்று அடித்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

அப்புறம் மதுவிலக்கு மக்கள் சங்கம் ஒன்று ஆரம்பித்தேன். தலைவர், செயலாளர், பேச்சாளர் மூன்றும் நானே. ஊர் ஊராகப் போனோம். மேடையில் ஒரு பீங்கான் தட்டை வைத்து, அதில் சாராயத்தை ஊற்றி, தீக்குச்சி கிழித்துப் போடுவேன். நீலமாக எரியும். "இதைத்தானே ராசா உன் வயித்துக்குள்ள ஊத்துற" என்பேன். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். அதற்காகவே என் அலமாரியில் எப்போதும் ஒரு பாட்டில் சாராயம் இருக்கும். மதுரை ஜில்லாவில் வீட்டில் சாராயம் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மாலை வாங்கிய ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எழுபத்து நாலில் கடைகளை மூடிவிட்டார்கள். ஜெயம். நான் ஸ்தோத்திரக் கூட்டம் போட்டேன். அதற்கு நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர். ஒழிந்துபோன சாராயத்தைத் திட்டுவதைக் கேட்க யார் வருவார்? ஏழு வருஷம் நான் கல்யாணம் முடிந்த வீட்டுப் பந்தல் மாதிரி நின்றேன். வெளியே ஸ்தோத்திரம், உள்ளே ஒப்பாரி. எண்பத்தொன்றில் கடைகளைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்று, டீக்கடையில் நின்றபடியே அந்தச் செய்தியை இரண்டு தரம் படித்தேன். வீட்டுக்கு வந்து மனைவி சாராளிடம், "ஜனங்களுக்கு என்ன கஷ்டகாலம் பார்த்தாயா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஏன் சிரிக்கிறீக?" என்று கேட்டாள்.

அந்த வருஷம்தான் நல்லகாமன் எங்களிடம் வந்தான். கோச்சடை ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், அகலமான ஆள், அதிகம் பேச்சு வராது. குடித்துவிட்டுப் பெண்டாட்டி சோலையம்மாளின் இடது கையை முறித்திருந்தான். வைத்தியம் சரியில்லாமல் முழங்கைக்குக் கீழே அது கோணலாகக் கூடிக்கொண்டது. அவள் அந்தக் கையோடு மில் வாசலில் பணியாரம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தெளிந்திருந்த நேரத்தில் அந்தக் கை பணியாரத்தைத் திருப்பிப்போடத் தவிப்பதைப் பார்த்திருக்கிறான். நேரே என்னிடம் வந்து, "ஏதாச்சும் செய்யுங்கய்யா, இல்லாட்டி என்னைக் கட்டிப்போடுங்க" என்றான். நாற்பது நாள் சங்கத்து அறையிலேயே வைத்திருந்தேன். வாந்தி எடுத்தான், நடுங்கினான், சுவரில் முட்டிக்கொண்டான். நான்தான் பக்கத்தில் இருந்து துடைத்துவிட்டேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம். அதனால்தான் அதை இத்தனை விலாவாரியாகச் சொல்கிறேன்.

ஞானஸ்நானம் வாங்கினான். மேடையில் ஏறிச் சாட்சி சொன்னான். நம் சபைகளில் சாட்சி சொல்வது உங்களுக்குத் தெரியாததில்லை, நான் இப்படி இருந்தேன், கர்த்தர் என்னை இப்படி ஆக்கினார் என்று சொல்லவேண்டியதுதான். நல்லகாமனுக்கு அதுகூட நீளம். சோலையம்மாளை மேடைக்குக் கூட்டிவருவான். அவளுடைய கோணல் கையைத் தூக்கிக் காட்டி, "இத ஒடிச்சது நான்தான்யா" என்பான். அம்புட்டுத்தான், இறங்கிவிடுவான். அழகர்கோவில் ரோட்டில் ஆயிரம் பேர் கூடிய கூட்டம் ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும். அவனுக்குப் பின்னால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்று கேட்டால், எனக்கே இல்லை.

சோலையம்மாள் சாமி மாறவில்லை. "எனக்கு அழகரு போதும், அவருக்கு உங்க சாமி, குடிக்காம இருந்தாச் சரி" என்பாள். ஒரே ஒரு விஷயத்தைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வாள். "பாஸ்டரய்யா, அவருக்கு ஒரு சொட்டு நாக்குல பட்டாப் போச்சு. அப்புறம் யாராலயும் பிடிச்சு நிறுத்த முடியாது. நீங்கதான் பார்த்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

இரண்டு வருஷம் ஆயிற்று. நல்லகாமன் பூசினாற்போல் ஆகிவிட்டான். வெளுத்த சட்டை, கையில் வாட்ச், நெற்றியில் படிய வாரிய முடி. சோலையம்மாளும் மேடையில் கையைக் காட்டும்போது சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நல்ல குடும்பம், பார்க்கக் கண் குளிர்ந்தது, கூட்டம் குறைந்தது. மேலூரில் ஒருத்தன் முன்வரிசையிலிருந்து, "அண்ணே, இதையேதான போன வருசமும் சொன்னீக" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நல்லகாமனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எண்பத்து மூன்று ஏப்ரலில் சாராள் தன் தங்கை பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்தாள். நம் சபையில் திருவிருந்துக்குப் புளித்த ரசம் கிடையாது. உலர்ந்த கறுப்புத் திராட்சையை வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்துத் தருவதுதான் வழக்கம். சாராள் அதைச் சனிக்கிழமை செய்வாள். நான் சாமர்த்தியமாக வியாழக்கிழமையே செய்துவைத்தேன். வேகவைத்தேன் என்று சொல்வதைவிட, வெந்நீர் காட்டினேன் என்று சொல்லலாம். சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் மூடியைத் திறந்தபோது அது உஸ் என்றது. நான் அதை நல்ல திராட்சைக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பதினாறு குடும்பம் குடித்துவிட்டு முகம் சுளித்தது. நல்லகாமன் குடித்துவிட்டு அப்படியே முழங்காலில் இருந்தான். ஆராதனை முடிந்து எல்லாரும் போனார்கள். அவனும் போனான். வீட்டுக்குப் போகவில்லை.

ஒன்பது நாள். மேலூர்ப் பக்கம் எங்கெங்கோ கிடந்துவிட்டு, பத்தாம் நாள் தவழ்ந்த மாதிரி சங்கத்து அறைக்கு வந்து என் காலைப் பிடித்தான். திரும்பவும் துடைத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அவன் மேடை ஏறினான், மெலிந்து, கண் குழிந்து, சட்டைப் பித்தான் தப்பாகப் போட்டு. சோலையம்மாள் சிரிக்கவில்லை. அவனும் அவள் கையைத் தூக்கிக் காட்டவில்லை. "கர்த்தரோட ரசத்துலயே எனக்குச் சாராய வாடை வந்துச்சுய்யா. அம்புட்டுப் பாவி நான்" என்றான். அந்தக் கூட்டத்தில் இரண்டாயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஒரு சாராயக் கடைக்காரரே அழுதார். அன்றைக்கு மட்டும் இருநூறு பேர் உறுதிமொழிச் சீட்டில் கைநாட்டு வைத்தார்கள்.

அவன் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த உஸ் சத்தம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மீதி ரசத்தை மோந்து பார்த்தேன். புளித்திருந்தது. அவனிடம் போய், "தம்பி, தப்பு உன்னுடையதில்லை, என் சமையலுடையது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அடுத்த வாரம் வாடிப்பட்டியில் கூட்டம் இருந்தது. அது முடியட்டும் என்றிருந்தேன். அப்புறம் திருமங்கலத்தில் இருந்தது. கூட்டம் இல்லாத வாரமே வரவில்லை.

ஆறேழு மாதத்தில் அவன் திரும்பவும் பூசினாற்போல் ஆனான்.

இந்த இடத்தில் நான் எழுந்து நிற்கப் பார்க்கிறேன், கவனித்தீர்களா? உட்கார்ந்துகொள்கிறேன்.

எண்பத்து நாலு ஜனவரி, முதல் ஞாயிறு. நம்முடையது தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணம், கட்டைவிரல் உயரம். தட்டில் எந்தக் கிண்ணம் யாருக்கு என்பது போதகர் கையில்தான் இருக்கிறது. நல்லகாமன் எப்போதும் இடது கோடியில், ஜன்னலோரம் முழங்காலிடுவான். அவனுக்கு ஓரக் கிண்ணம். அலமாரியில்தான் பாட்டில் இருக்கிறதே. நான் அதை யோசித்து யோசித்துச் செய்ததாக நினைக்காதீர்கள். சட்டைக்குப் பித்தான் போடுகிற மாதிரிதான் செய்தேன்.

கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோனவன் நிறுத்தினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஐயா, வாடை வருது" என்றான், பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காத குரலில்.

நான் குனிந்து அவன் தலையில் கை வைத்தேன். "வாடை கிண்ணத்திலே இல்லையப்பா. உன் மனசிலே இருக்கு. விசுவாசித்துக் குடி" என்றேன்.

குடித்தான். அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவன் தன் மூக்கைச் சந்தேகப்பட்டான்.

அந்தத் தரம் பதினோரு நாள். திரும்பி வந்து சொன்ன சாட்சி முந்தியதைவிடப் பலமாக இருந்தது. ஏனென்றால் இப்போது அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான். எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, அப்புறம் மோந்து பார்த்ததற்காக வெட்கப்படுவான். சோலையம்மாள் என்னிடம் வந்து, "காச்சுன பாலக்கூட மோந்து பாக்குறாருய்யா. இது என்ன நோவு?" என்று கேட்டாள். ஜெபம் பண்ணலாம் அம்மா என்றேன். பண்ணவும் பண்ணினேன். கண்ணீர் வந்தது, ஐயா, பொய்க் கண்ணீர் இல்லை. என்னுடைய கண்ணீர் எப்போதுமே நிஜமானதுதான், அதுதான் என்னிடம் உள்ள சிக்கல்.

அந்த வருஷக் கடைசியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. நான் சுயேச்சையாக நின்றேன். சின்னம் ஒட்டகம். குடிக்காமல் நெடுந்தூரம் போகிற மிருகம் என்று அதையும் பிரசாரமாக்கினேன். ஒரு நிஜ ஒட்டகத்தை வாடகைக்குப் பிடிக்க முடியுமா என்று நாலு நாள் அலைந்தேன், கிடைக்கவில்லை. டிசம்பர் இருபத்து நாலு வாக்குப்பதிவு. டிசம்பர் இரண்டு முதல் ஞாயிறு. அவன் விழுந்தால் ஒன்பது, பதினோரு நாள். எப்படிப் போனாலும் பதின்மூன்றாம் தேதிக்குள் வந்துவிடுவான். மிச்சம் பத்து நாள், பத்துக் கூட்டம். காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுவைத்தேன். வெயில் காலத்துக்கு வடகம் பிழியத் தேதி குறிக்கிற மாதிரி.

ஆனால் நல்லகாமன் அந்த ஞாயிறு அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிண்ணத்துக்குக் கை நீட்டவில்லை. "ரசம் வேண்டாம்யா. அப்பம் போதும். என் மனசு இன்னும் சுத்தமாகல" என்றான்.

நியாயமான ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சபை முழுக்க எங்களைப் பார்த்தது. "கர்த்தர் தருவதை வேண்டாம் என்று சொல்வது குடிப்பதைவிடப் பெரிய பாவம்" என்றேன். அப்படி வேதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கண்காணிப்பாளரான உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது, நான் சொன்னதுதான் அவனுக்கு வேதம்.

வாங்கினான். இந்தத் தரம் மோந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிக்கிற மாதிரிக் குடித்துவிட்டு, கிண்ணத்தை என் கையில் கொடுத்தான். "சரிங்கய்யா" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பதின்மூன்றாம் தேதி வரவில்லை. பதினாலாம் தேதி காலையில் மேலூர்ப் பக்கம் பெரியாறு வாய்க்காலில் கண்டெடுத்தார்கள். நானும் சோலையம்மாளும் போனோம். கரையில் அவன் சட்டை நாலாக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் வாட்ச். வாட்சுக்குப் பக்கத்தில் மதுவிலக்குச் சங்கத்து பேட்ஜ், ஊசி மூடி, யார் கையிலும் குத்தாதபடி வைத்திருந்தது. போதையில் குளிக்க இறங்கியிருப்பான் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். போதையில் இருக்கிறவன் சட்டையை அப்படி மடிப்பானா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு மூவாயிரம் பேர். என் அரசியல் வாழ்க்கையில் அதுதான் பெரிய கூட்டம். பெட்டிக்கு முன்னால் நின்று ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். குடித்துச் சாகிறவனுக்குப் பரலோக வாசல் அடைத்திருக்கும் என்று சொன்னேன், வழக்கமாகச் சொல்வதுதான், வாயிலிருந்து வந்துவிட்டது. பத்து நாள் கழித்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கினேன். எனக்குப் பின்னால் வந்த ஒரே ஆள், தேர்தலுக்கு முன்பே வாபஸ் வாங்கியும் சீட்டில் பெயர் நீக்க மறந்துபோன ஒருத்தர்.

அத்தோடு சங்கத்தைக் கலைத்துவிட்டுப் பழையபடி சபைக்கு வந்தேன். ஜனவரி முதல் ஞாயிறு தட்டை எடுத்தேன். கை வரவில்லை. அன்றிலிருந்துதான் திராட்சை கிடைக்கவில்லை.

ஆனால் நான் இதைச் சொல்லாமலே செத்துப்போயிருப்பேன், ஐயா. ஆராதனை நடத்தாததற்கு என்னை வேறு ஊருக்கு மாற்றியிருப்பீர்கள், அங்கேயும் முழங்கால் வலி என்றிருப்பேன். சோலையம்மாள்தான் கெடுத்துவிட்டாள். புருஷன் போனபின் அவள் சனிக்கிழமைதோறும் நம் சபைக் கோயிலுக்கு வந்து கூட்டுகிறாள், கிண்ணங்களைக் கழுவுகிறாள். யாரும் வாய் வைக்காத கிண்ணங்கள், தூசிதான். ஒன்றரை வருஷமாக அந்தக் கோணல் கையில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்க்கிறாள். சாமி மாறப்போகிறாயா அம்மா என்று கேட்டேன். "இல்லைய்யா. அவரு உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டாரு. நீங்க இம்புட்டுப் பாடுபட்டும் திருந்தாமப் போயிட்டாரு. அவரு கடனை நான் கழிக்கிறேன்" என்றாள்.

போன சனிக்கிழமை வேலை முடித்துவிட்டு வாசற்படியில் நின்றாள். "ஒண்ணு கேக்கணும்யா, மறைக்காமச் சொல்லுங்க. குடிச்சுச் செத்தவுகளுக்குக் கதவு அடைச்சிருக்கும்னு அன்னைக்கு மைக்குல சொன்னீகளே. அப்ப அவரு இப்ப எங்கய்யா இருக்காரு? நான் அங்கிட்டுப் போனா அவரப் பாப்பேனா, பாக்க மாட்டேனா?"

யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். ஒரு வாரமாக அவள் சாப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. பணியாரக் கடை மூடிக்கிடக்கிறது. அவள் புருஷனைப் பாவி என்று நம்பியே செத்துப்போவாள், நான் வாயைத் திறக்காவிட்டால். திறக்கவேண்டும் என்பதுவரை எனக்குத் தெரிகிறது. அவள் முகத்தைப் பார்த்துத் திறக்க வாய் வரவில்லை. ஆயிரம் பேருக்கு நடுவில் என்றால் சொல்லிவிடுவேனோ என்னவோ.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நல்லகாமனைக் குடிக்க வைத்தது நான். இரண்டு தரம் தெரிந்தே, கர்த்தருடைய பந்தியில் வைத்து, அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகும். அவன் மூக்கு சரியாகத்தான் இருந்தது. அவன் மனசில் எந்த வாடையும் இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போலீஸுக்குக் கொடுப்பதானாலும் கொடுங்கள்.

சோலையம்மாள் இன்றைக்கும் வந்திருக்கிறாள், பின்கட்டில் இருக்கிறாள். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், உங்கள் வாயால் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். நான் இந்த அறையிலேயே இருக்கிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சொல்லுங்கள், ஐயா, நியாயம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா. ஒவ்வொரு தரமும் நான் ஊற்றியது இரண்டு டீ ஸ்பூன்தான். மீதியையெல்லாம் அவனேதான் குடித்தான்.